என்ஜிஓ யாருக்குப் பதில் சொல்லணும்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரே ஒரு வரி எழுதுனேன், தொண்டு நிறுவனம், அதான் என்ஜிஓ, நடத்துறவங்க ஃபண்டு கொடுத்தவனுக்குச் சொல்ற கணக்கை ஊர்க்காரனுக்கும் சொல்லணும்னு. அவ்வளவுதான், கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து பாண்டி முத்தியால்பேட்டை வரைக்கும் லெட்டரு, வாட்ஸப்பு, வாய்ஸ் மெசேஜுன்னு வந்து குவிஞ்சிடுச்சு. திட்டி வந்ததும் இருக்கு, அதையும் சேர்த்துதான் போட்டிருக்கோம். பேர் வேணாம்னு பாதிப்பேர் கேட்டதால எல்லாருக்குமே ஊர் மட்டும்.

கேள்வி: சார், எங்க ஏரியாவுல மட்டும் மூணு டிரஸ்ட்டு போர்டு தொங்குது, ஒண்ணுலயும் ஆளைக் காணோம். என்ஜிஓன்னாலே கருப்பை வெள்ளையாக்குற இடம்தானே? மழுப்பாம சொல்லுங்க.
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: சில இடம் அப்படித்தாங்க, மழுப்பி என்ன ஆவப்போவுது. ஆனா போர்டை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. நம்ம நாட்டுல டிரஸ்ட்டு ஆரம்பிக்கிறது அவ்வளவு ஈஸி, ரெண்டு மூணு பேரு சேந்து பத்திரம் எழுதி சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பதிஞ்சா ஆச்சு, அப்புறம் பாதிப்பேருக்கு போர்டு அடிச்ச கையோட ஆர்வமும் முடிஞ்சிரும். தாத்தா பேர்ல ஒண்ணு, கட்சியில சீட்டு கிடைக்காத கோவத்துல ஒண்ணு, இப்படி. இதுங்க திருட்டுன்னு சொல்ல முடியாது, சும்மா தூங்குது.

சங்கமா பதிஞ்சா கொஞ்சம் கெடுபிடி ஜாஸ்தி. தமிழ்நாட்டுல 1975 சங்கங்கள் பதிவுச் சட்டம், குறைஞ்சது 7 பேரு வேணும், பொதுக்குழு கூட்டணும், வருஷா வருஷம் கணக்கைப் பதிவாளர்கிட்ட கொடுக்கணும். நம்ம பாண்டியில இன்னும் வெள்ளைக்காரன் போட்ட 1860 சட்டம்தான். மூணாவது ஒரு வகை, 2013 கம்பெனி சட்டத்துல 8-வது பிரிவு, கம்பெனி மாதிரியே இருக்கும் ஆனா லாபத்தைப் பங்கு போட்டுக்க முடியாது. எதுவா இருந்தாலும் வருமான வரி விலக்கு வாங்கிட்டா பொதுவா வருஷ வருமானத்துல 85 சதவீதத்தை அந்த நோக்கத்துக்கே செலவு பண்ணணும்.

கோல்மால் எங்க நடக்குதுன்னா, செக்குல நன்கொடை வாங்கி ரொக்கமா திருப்பிக் கொடுக்குறது, மச்சான் வீட்டுக்கு ஆபீஸ் வாடகைன்னு கணக்கு எழுதுறது, 30 பேரு வந்த ட்ரெய்னிங்குக்கு 100 பேரு சாப்பாட்டு பில்லு. இதெல்லாம் ஆடிட்டர் ரிப்போர்ட்டுல அழகா ஒளிஞ்சுக்கும். ஆனா அந்த ட்ரெய்னிங்குல உக்காந்திருந்தவங்களுக்குத் தெரியும் இல்லையா? அதனாலதான் கணக்கு ஊர்ல படிக்கணும்னு சொல்றேன். இன்னொண்ணு, அரசாங்கப் பணத்துலதான் பெரும்பாலும் ஓடுதுன்னா அந்த அமைப்பும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள்ள வரும்னு சுப்ரீம் கோர்ட்டு 2019-ல டிஏவி காலேஜ் வழக்குல சொல்லிடுச்சு. மனு போட 10 ரூபா. போர்டைப் பாத்துப் பெருமூச்சு விடுறதுக்கு அதைப் பண்ணலாம்.

கேள்வி: ஐயா, வள்ளலார் மூட்டின அடுப்பு 150 வருஷம் தாண்டி எரிஞ்சிட்டிருக்கு. எந்த ஃபாரின் ஃபண்டும் இல்ல, ப்ரபோசலும் எழுதல. இந்த என்ஜிஓக்காரங்களுக்கு மட்டும் ஏன் லேப்டாப்பும் ஏசி ரூமும் வேண்டியிருக்கு?
– வாசகர், வடலூர்

பதில்: நறுக்குன்னு கேட்டீங்க. 1867-ல தருமசாலை தொறந்தப்போ பார்வதிபுரத்துச் சனங்கதான் நிலத்தைக் கொடுத்தாங்க, இன்னைக்கும் அரிசி மூட்டை யார் யாரோ கொண்டாந்து இறக்கிட்டுப் போறாங்க, பேரு கூட சொல்றதில்ல. அந்த நம்பிக்கையை எந்த ப்ரபோசலாலயும் வாங்க முடியாது, ஒத்துக்குறேன்.

ஆனா பசிச்சவனுக்கு சோறு போடுறது ஒரு வேலை, அவனுக்கு ஏன் பசிக்குதுன்னு கேக்குறது இன்னொரு வேலை. 2001-ல ராஜஸ்தான்ல சனங்க பட்டினி கிடக்கறப்போ இந்திய உணவுக் கழக குடோன்ல தானியம் மக்கிக்கிட்டிருந்துச்சு. பியூசிஎல்னு ஒரு சிவில் உரிமை அமைப்பு, 1976-ல எமர்ஜென்சி நேரத்துல ஜெயப்பிரகாஷ் நாராயண் ஆரம்பிச்சது, அதுதான் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. அந்த வருஷம் நவம்பர்லயே உத்தரவு வந்துச்சு, நாடு முழுக்க அரசுப் பள்ளியில சமைச்ச மதிய சாப்பாடு போடணும்னு. நம்ம ஊர்ல எம்ஜிஆர் 1982-லயே விரிவாக்கிட்டாரு, அதனால நமக்கு அது பெருசாத் தெரியல, ஆனா பல மாநிலத்துல அதுவரைக்கும் புள்ளைங்களுக்கு அரிசியை அளந்து வீட்டுக்குக் கொடுத்து விட்டுட்டிருந்தாங்க. ஒரு சின்ன அமைப்பு போட்ட ஒரு மனு, எத்தனை கோடி தட்டு பாருங்க. இதுக்கு வக்கீலு, டைப்பிங்கு, ஊர் ஊராப் போயி விவரம் சேக்குற ஆளு எல்லாம் வேணும், அதுக்குக் காசு வேணும்.

ஃபண்டே இல்லாம ஓடுறதும் இருக்கு. மதுரையில 1976-ல டாக்டர் வெங்கடசாமி 11 கட்டிலோட ஆரம்பிச்ச அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, நம்ம தவளக்குப்பத்துல 2003-லேர்ந்து இருக்கே, அங்க காசு கொடுக்க முடிஞ்சவங்க கொடுக்குற காசுலதான் முடியாதவங்க ஆபரேஷனும் ஓடுது. ஆனா கண்ணுக்கு ஃபீஸ் வாங்கலாம், கொத்தடிமையா இருந்து மீண்டவன்கிட்ட என்னன்னு ஃபீஸ் வாங்குவீங்க? ஏசி ரூம் விஷயத்துல மட்டும் உங்க கட்சிதான் நான்.

கேள்வி: சுனாமி வந்தப்போ எங்க குப்பத்துல பேரு வாயில நுழையாத சங்கம் எல்லாம் வந்துச்சு. ஆளாளுக்கு பேனர் கட்டுனாங்க, போட்டோ எடுத்தாங்க. ரெண்டு மூணு வருஷத்துல ஒருத்தரும் இல்ல. அவங்களால எங்களுக்கு ஆனது என்னன்னு நீங்களே சொல்லுங்க அண்ணே.
– மீனவர், தேவனாம்பட்டினம்

பதில்: அண்ணே, இதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியாது, சொன்னா அது பொய்யாதான் இருக்கும்.

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை காலையில அலை வந்து கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போயிட்டாங்க. முதல்ல ஓடி வந்தது எந்த என்ஜிஓவும் இல்ல, பக்கத்துத் தெரு, பக்கத்து ஊரு. பரங்கிப்பேட்டைல ஜமாத்துக்காரங்க அன்னைக்கே சோறாக்கிப் போட்டாங்க, தங்க இடமும் கொடுத்தாங்க, அதை இன்னும் அந்தப் பக்கம் சொல்லுவாங்க. அப்புறம்தான் லாரி லாரியா பழைய துணி வந்துச்சு, யாரும் உடுத்த முடியாத துணி, ரோட்டோரம் குவிஞ்சு மழையில நனைஞ்சு நாறிச்சு, கடலூர்லயும் சரி நாகப்பட்டினத்துலயும் சரி. கொடுக்குறவன் தன்கிட்ட எது மிச்சமோ அதைக் கொடுத்தான், வாங்குறவனுக்கு என்ன வேணும்னு கேக்கல. படகு, அதான் போட்டு விஷயமும் அதேதான். ஃபைபர் போட்டு கொடுத்தா போட்டோல நல்லா விழும், பேரு எழுதலாம், அதனால எல்லாரும் போட்டே கொடுத்தாங்க, கடைசியில தமிழ்நாட்டுக் கரையில சுனாமிக்கு முன்னாடி இருந்ததை விட ஃபைபர் போட்டு ஜாஸ்தியாயிடுச்சு, அதுல சிலது ரெண்டு சீசன் கூடத் தாங்கல. மீனு அதே மீனுதானே, ஆளு கூடுனா பங்கு குறையும்னு எந்த மீனவனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான்.

வீடு அப்படி இல்ல. 2005 மார்ச்சுல வந்த அரசாணைப்படி கடலோரம் 200 மீட்டருக்குள்ள இருந்தவங்களுக்கு தள்ளி இடம் கொடுத்து புது வீடுன்னு முடிவாச்சு, நிலம் அரசாங்கம், கட்டுறது தொண்டு நிறுவனம், நடுவுல கலெக்டரோட ஒப்பந்தம். பட்டா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு பேர்லயும்னு அதுல இருந்துச்சு பாருங்க, அது சின்ன விஷயம் இல்ல, குப்பத்துல எத்தனை பொம்பளைங்க பேர்ல அதுக்கு முன்னாடி ஒரு சென்ட்டு நிலம் இருந்துச்சு? தனியா அரசாங்கமே கட்டியிருந்தா இன்னும் பல வருஷம் ஷெட்டுலதான் கிடந்திருப்போம்னு எங்கிட்ட சொன்ன மீனவங்க உண்டு. சுவத்துல வெடிப்பு விட்டது, கக்கூஸ் வேலை செய்யாதது, கடலு கண்ணுக்கே தெரியாத இடத்துல கொண்டு போயி வச்சது, இதையும் அவங்களேதான் சொல்றாங்க.

எனக்கு இதுல பெரிய கோவம் வேற இடத்துல. வெளியூர்லேர்ந்து வந்த சங்கம் எல்லாம் நேரா ஊர்ப் பஞ்சாயத்துகிட்ட போயி லிஸ்ட்டு வாங்குச்சு, அவங்களும் தலைக்கட்டுக் கணக்குப்படி, அதாவது ஊருக்கு வரி கட்டுற குடும்பங்களோட கணக்குப்படி, லிஸ்ட்டு கொடுத்தாங்க. தலைக்கட்டு வரி கொடுக்காத விதவைப் பொம்பளைங்க, மீன் கூடை சுமக்குறவங்க, கரையில கூலி வேலை பாத்த தலித் சனங்க, கிள்ளை பிச்சாவரம் பக்கம் உப்பங்கழியில கையால தடவி இறால் புடிக்கிற இருளருங்க, இவங்க பேரு அதுல எங்க வரும்? இவங்களுக்கும் வலை போச்சு, குடிசை போச்சு. இதைத் தேடிப் புடிச்சு, தனியா கணக்கெடுத்து, கலெக்டர் ஆபீஸ் வாசல்ல கொண்டு போயி வச்சதும் சில சின்ன என்ஜிஓதான், பெரும்பாலும் சுனாமிக்கு முன்னாடிலேர்ந்தே இங்க கிடந்து வேலை பாத்த உள்ளூர் ஆளுங்க. அதே மாதிரி நாகப்பட்டினத்துல ஸ்நேகாங்குற தொண்டு நிறுவனமும், மீனவர் சங்கங்களோட கூட்டமைப்பான சிஃப்ஸும் சேந்து ஒரு ஒருங்கிணைப்பு மையம் போட்டாங்க, யாரு எந்த ஊர்ல என்ன பண்றாங்க, எங்க ரெண்டு தடவை போச்சு, எங்க போகவே இல்லன்னு கணக்கு வச்சாங்க. இந்த மாதிரி வேலைக்கு பேனர் கிடையாது, அதனால உங்க கண்ணுல படல. வந்து போனவங்களுக்கும் கிடந்து பண்ணவங்களுக்கும் ஒரே பேரு வச்சுத் திட்டாதீங்கண்ணே.

2015 வெள்ளத்துலயும் இதையே பாத்தேன். சென்னையிலேர்ந்து வந்த வேனு எல்லாம் மெயின் ரோட்டுலயே மறிச்சு காலி ஆயிடும், உள்ளே இருக்குற காலனிக்குப் போய்ச் சேராது.

கேள்வி: பென்ஷன்ல வருஷம் 10,000 யாருக்காவது கொடுக்கலாம்னு இருக்கேன். யாருக்குக் கொடுக்க? வரி கழியுமா?
– ஓய்வு பெற்ற ஊழியர், நெல்லிக்குப்பம்

பதில்: நடந்து போயி பாக்கக்கூடிய தூரத்துல இருக்குறவங்களுக்குக் கொடுங்க. நன்கொடைக்கு வரிக் கழிவு கொடுக்குற 80ஜி சர்ட்டிபிகேட் வச்சிருக்குற சங்கம்னா பெரும்பாலும் கொடுத்ததுல பாதிக்குக் கழிவு கிடைக்கும், ஆனா நீங்க பழைய வரி முறையில இருக்கணும், புது முறைன்னா கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா அதுக்கும் கழிவு இல்ல, செக்கோ ஜீபேவோ பண்ணிட்டு நன்கொடைக்கான 10பிஇ சர்ட்டிபிகேட்டு கேட்டு வாங்கிக்குங்க. அப்புறம் ஒரு வேண்டுகோள், "என் காசு புள்ளைங்க சாப்பாட்டுக்கு மட்டும்தான் போகணும், சம்பளத்துக்குப் போகக்கூடாது"ன்னு கண்டிஷன் போடாதீங்க. அந்தச் சாப்பாட்டை ஆக்குற அம்மாவுக்கும் வீடு இருக்கு.

கேள்வி: நான் காலேஜ் படிக்கிறேன் சார். எங்க கொம்யூன்ல (புதுச்சேரி கிராமப் பக்கத்துப் பஞ்சாயத்து) குப்பை, ஏரி தூர் வாறது எல்லாமே ஏதாவது ஒரு என்ஜிஓ இல்லன்னா இளைஞர் மன்றம்தான் பண்ணுது. கவுன்சிலர்னா யாருன்னே எனக்குத் தெரியாது. அப்போ இனிமே என்ஜிஓதான் ஜனநாயகமா?
– மாணவி, பாகூர்

பதில்: கவுன்சிலர் யாருன்னு தெரியாதது உன் தப்பு இல்லம்மா, அப்படி ஒருத்தர் இல்லவே இல்ல! புதுச்சேரியில 1968-ல நகராட்சித் தேர்தல் நடந்துச்சு, அதுக்கு அடுத்தது 38 வருஷம் கழிச்சு 2006-ல. அவங்க காலம் 2011-ல முடிஞ்சுது, அதோட சரி. 2021-ல தேதி வரைக்கும் அறிவிச்சாங்க, இடஒதுக்கீட்டு விவகாரம் கோர்ட்டுக்குப் போயி நின்னு போச்சு. 5 நகராட்சி, 10 கொம்யூன் பஞ்சாயத்து, எல்லாம் ஆபீசருங்க கையில. உள்ளாட்சிக்கான 73, 74-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்து 30 வருஷம் தாண்டிடுச்சு, 5 வருஷத்துக்கு ஒருக்கா தேர்தல் கட்டாயம்னு அதுல தெளிவா இருக்கு.

நீ தென்பெண்ணையைத் தாண்டி கடலூர் பக்கம் போனா கிராம சபைன்னு ஒண்ணு வருஷத்துக்கு 6 தடவை கூடணும், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவரை நிக்க வச்சுக் கேள்வி கேக்கலாம். ஆனா அங்கயும் ரொம்ப பெருமைப்பட ஒண்ணும் இல்ல, 2016-லேர்ந்து மூணு வருஷம் உள்ளாட்சித் தேர்தல் நடக்கல, அப்புறம் 2019 டிசம்பர்ல தேர்ந்தெடுத்தவங்க காலம் 2025 ஜனவரியில முடிஞ்சு திரும்பவும் தனி அலுவலருங்க கைக்குப் போச்சு.

இந்த ஓட்டையிலதான் என்ஜிஓ வந்து உக்காருது. ஏரி தூர் வாறது நல்ல வேலை, குறை சொல்லல. ஆனா அந்த ஏரியை விட்டுட்டு வேற ஏரிக்குப் போயிட்டா நீ யாரைக் கேப்ப? அவங்களை நீ ஓட்டுப் போட்டு வைக்கல, அடுத்த தேர்தல்ல தூக்கவும் முடியாது. எந்தத் தெருவுக்கு முதல்ல தண்ணின்னு முடிவு பண்றது அரசியல் வேலை, அதை நன்கொடையாளருக்கு ரிப்போர்ட் எழுதுறவங்க முடிவு பண்ணக்கூடாது. இன்னும் வெளிப்படையா சொன்னா, என்ஜிஓ நல்லா வேலை பாக்குற ஊர்ல எம்எல்ஏவுக்கு ரொம்ப நிம்மதி, தேர்தல் நடத்தச் சொல்லி யாரும் நச்சரிக்க மாட்டாங்க. ஏரி தூர் வாறுற மன்றம் கூடவே உள்ளாட்சித் தேர்தல் எங்கன்னு ஒரு கையெழுத்து இயக்கமும் நடத்துதுன்னா, அவங்களை நான் ஜனநாயகத்துக்கு வேலை செய்யறவங்கன்னு சொல்லுவேன்.

உங்க அம்மாகிட்ட கேட்டுப் பாரு, 1990 வாக்குல பாண்டியில அறிவொளி நடந்துச்சு. புதுவை அறிவியல் இயக்கத்துக்காரங்க, காலேஜ் பசங்க, ஸ்கூல் டீச்சருங்க, சம்பளம் இல்லாம ராத்திரி தெரு விளக்குல உக்காந்து வயல் வேலைக்குப் போறவங்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தாங்க. அரசாங்கப் பணம், சனங்க உழைப்பு, ரெண்டும் சேந்தது. கையெழுத்துப் போடக் கத்துக்கிட்ட பொம்பளைங்க அடுத்து என்ன பண்ணாங்கன்னா, பல ஊர்ல மனு எழுத ஆரம்பிச்சாங்க. ரேஷன், சாராயக்கடை, பஸ்சுன்னு.

கேள்வி: வெளிநாட்டுப் பணம் வாங்கிட்டு நம்ம நாட்டுல எந்தத் திட்டம் வந்தாலும் போராட்டம் தூண்டி விடுறாங்களே, அவங்களுக்கும் சேத்து வக்காலத்து வாங்குவீங்களா?
– "உண்மை விளம்பி", லாஸ்பேட்டை

பதில்: புனைபேரு சூப்பர். வக்காலத்து வாங்கல, ஆனா நீங்க சொல்றதை 2012-ல பிரதமரா இருந்த மன்மோகன் சிங்கும் சொன்னாரு, கூடங்குளம் போராட்டத்துக்குப் பின்னாடி அமெரிக்க என்ஜிஓ இருக்குன்னு. கூடங்குளத்துக்குப் பக்கத்துல இடிந்தகரையில போராடுன பொம்பளைங்களுக்கு தூண்டி விட ஆள் வேணுமா என்ன. ஆட்சியில யாரு உக்காந்தாலும் இதே பேச்சுதான் வரும். எஃப்சிஆர்ஏ, அதான் வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்துற சட்டம், 1976-ல எமர்ஜென்சியில இந்திரா கொண்டாந்தது, 2010-ல காங்கிரஸ் ஆட்சி புதுசா போட்டுச்சு, 2020-ல பாஜக ஆட்சி இன்னும் இறுக்குச்சு. இப்போ வெளிநாட்டுக் காசு மொதல்ல டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சு அக்கவுண்டுக்குத்தான் வரணும், நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரைக்கும் இருந்தது 20 ஆயிடுச்சு, ஒரு சங்கம் வாங்குன காசை இன்னொரு சங்கத்துக்கு மாத்தி விடக்கூடாது. டெல்லி அக்கவுண்டு, மாத்தி விடுறதுக்குத் தடை, ரெண்டும் சரின்னு சுப்ரீம் கோர்ட்டு 2022-ல சொல்லிடுச்சு.

பணம் எங்கேர்ந்து வருதுன்னு அரசாங்கம் பாக்குறதுல எனக்கு ஆட்சேபனை இல்ல. பெரிய சங்கங்க சமாளிச்சுக்கும். அடி வாங்குனது யாருன்னா, இங்கிலீஷ்ல ப்ரபோசல் எழுதத் தெரியாத, பெரிய சங்கத்துகிட்ட கொஞ்சம் காசு வாங்கி நாலு இருளர் குடியிருப்புல ராத்திரிப் பள்ளிக்கூடம் நடத்துன சின்னவங்க. மாத்தி விடக்கூடாதுன்னு சொன்னதும் அவங்க கதை முடிஞ்சிடுச்சு.

இன்னொண்ணையும் உண்மை விளம்பி தெரிஞ்சுக்கணும். லண்டன் வேதாந்தா சம்பந்தப்பட்ட கம்பெனிங்ககிட்ட காசு வாங்குனதுல காங்கிரசும் பாஜகவும் எஃப்சிஆர்ஏவை மீறிட்டாங்கன்னு டெல்லி ஹைகோர்ட்டு 2014-ல தீர்ப்பு சொல்லுச்சு. உடனே என்ன ஆச்சு? 2016-லயும் 2018-லயும் நிதி மசோதாவுக்குள்ள வச்சு சட்டத்தையே திருத்துனாங்க, அதுவும் 1976-லேர்ந்தே செல்லும்னு முன்தேதி போட்டு. என்ஜிஓவுக்கு ஒரு சட்டம், கட்சிக்கு ஒரு சட்டம். அந்த கேஸைப் போட்டவங்கள்ல ஏடிஆரும் உண்டு, அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியருங்க 1999-ல ஆரம்பிச்ச அமைப்பு. வேட்பாளர் மேல என்ன கிரிமினல் கேஸு, சொத்து எவ்வளவுன்னு இன்னைக்கு நாம போன்லயே பாக்குறோமே, அது அவங்க நடத்துன வழக்குல 2002-லயும் அதுக்கு அடுத்த வருஷமும் வந்த தீர்ப்பு. கட்சிக்குப் பேரு தெரியாம பணம் கொடுக்க வச்சிருந்த தேர்தல் பத்திரம் செல்லாதுன்னு 2024 பிப்ரவரி 15-ல வந்ததுலயும் அவங்க உண்டு. ஓட்டுப் போடப் போறப்போ கொஞ்சம் விவரத்தோட போறோம்னா அதுல ஒரு என்ஜிஓவோட உழைப்பு இருக்கு, அது புடிக்காம போறவங்களும் இருக்கத்தான் செய்வாங்க.

கேள்வி: எங்க ஊரு சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கு. வேலை கம்பெனிதான் கொடுக்குது, பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு, ஆர்ஓ தண்ணி மிஷினு எல்லாமே சிஎஸ்ஆர்ல (கம்பெனி சமூகத்துக்குப் பண்ற செலவு) அவங்கதான். நாத்தத்தைப் பத்தி வாயைத் தொறந்தா "பெஞ்சைத் தூக்கிட்டுப் போகச் சொல்லவா"ன்னு ஊர்லயே கேக்குறாங்க.
– வாசகி, குடிகாடு பக்கம்

பதில்: அக்கா, முதல்ல ஒண்ணைத் தெளிவாக்கிடலாம். சிஎஸ்ஆர் அவங்க பெரிய மனசு கிடையாது, சட்டம். 2013 கம்பெனி சட்டம் 135-வது பிரிவு, 2014 ஏப்ரல்லேர்ந்து அமல். வருஷ நிகர லாபம் 5 கோடியோ, விற்பனை 1,000 கோடியோ, நிகர மதிப்பு 500 கோடியோ தாண்டுன கம்பெனி முந்தின மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணியே ஆகணும், அதுலயும் சுத்து வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்கணும். அந்த பெஞ்சு உங்களுக்கு வர வேண்டியதுதான், அதுக்காக மூக்கைப் பொத்திக்கணும்னு எந்த ரூலும் இல்ல.

சிஎஸ்ஆர் காசுல வேலை பாக்குற என்ஜிஓ எதுவும் அந்தக் கம்பெனியோட புகைக்குழாயைப் பத்திப் பேசாது, பேசவும் முடியாது. அதுக்கு வேற மாதிரி அமைப்பு வேணும், உங்க ஊர்லயே இருந்துச்சே. 2004 வாக்குல சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்னு, குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் பக்கத்து ஆளுங்களுக்கே பயிற்சி கொடுத்து உருவாக்குனாங்க. வேலை என்னன்னா, நாத்தம் வந்தா தேதி, நேரம், காத்து எந்தப் பக்கம் அடிக்குது, அழுகுன முட்டை மாதிரியா நெயில் பாலிஷ் மாதிரியா, எந்த கம்பெனி சுவரு ஓரம், எல்லாத்தையும் நோட்டுல எழுதுறது. அப்புறம் ஒரு பக்கெட்டுக்குள்ள பையை வச்சு காத்தைப் புடிச்சு லேபுக்கு அனுப்புனாங்க, புத்துநோய் வரவைக்கிற கெமிக்கல்லாம் அதுல இருந்தது தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல போயி நாத்தம் அடிக்குதுன்னா "எப்போ, எங்க, என்ன ஆதாரம்"னு கேட்டு அனுப்பிடுவாங்க. நோட்டோட போனா அப்படி அனுப்ப முடியல, சுப்ரீம் கோர்ட்டு போட்ட கண்காணிப்புக் குழு வரைக்கும் விஷயம் போச்சு. பத்தாவது தாண்டாத ஆளுங்க இன்ஜினியர் முன்னாடி உக்காந்து காத்து அளவைப் பத்திப் பேசுனாங்கக்கா. நீங்களும் ஒரு நோட்டு போடுங்க, பெஞ்சுல உக்காந்தே எழுதலாம்.

கேள்வி: எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முடிச்சிட்டு களப்பணியாளரா இருக்கேன் அண்ணா. சம்பளம் 11,000, பெட்ரோல் என் காசு. கேட்டா "இது சேவைப்பா"ங்குறாங்க. ப்ராஜெக்ட் மார்ச்சுல முடியுது.
– வாசகர், பண்ருட்டி

பதில்: சேவைன்னு சொல்றவரு கார் டீசலு யார் கணக்குல போவுதுன்னு கேட்டுப் பாருங்க தம்பி. சனங்களோட உரிமைக்கு ட்ரெய்னிங் கொடுக்குற இடத்துல ஸ்டாஃபுக்கு பிஎஃப் கிடையாது, லீவு கிடையாது, இது இந்தத் துறையோட பழைய வியாதி. நிர்வாகச் செலவை 20 சதவீதமாக் குறைச்சதும் முதல் வெட்டு ஆபீஸ்ல இருக்குறவங்க சம்பளத்துலதான் விழுது, அதுவும் உண்மை. 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாத்தா பிஎஃப் சட்டம் என்ஜிஓவுக்கும் பொருந்தும், அதை மட்டும் தனியா கேக்காம நாலு பேரா சேந்து எழுத்துல கேளுங்க. மார்ச்சுக்கு அப்புறம் வேற இடம் பாக்குறதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

கேள்வி: 2015 வெள்ளத்துல சோத்துப் பொட்டலம் கொடுக்க ஒரு வாட்ஸப் குரூப்பு ஆரம்பிச்சோம், இப்போ 40 பேரு இருக்கோம். பதிவு பண்ணலாம்னு பேச்சு. டிரஸ்ட்டா பண்ணா ஈஸியாமே?
– இளைஞர்கள், பரங்கிப்பேட்டை பக்கம்

பதில்: ஈஸிதான், அதுதான் பிரச்சனையே. டிரஸ்ட்டுன்னா பத்திரத்துல பேரு எழுதுன நாலு பேரு பெரும்பாலும் ஆயுசுக்கும் அறங்காவலர், மிச்ச 36 பேருக்கு டீ வாங்கிக் கொடுக்குற வேலைதான். சங்கமா பதியுங்க. பொதுக்குழு இருக்கும், கமிட்டிக்குத் தேர்தல் வைக்கணும், புடிக்கலன்னா மாத்தலாம். பைலா, அதான் சங்க விதி, எழுதறப்போ ஒரே ஆளு எத்தனை தடவை தலைவரா இருக்கலாம்னு எழுதி வச்சிடுங்க, இப்போ எல்லாரும் ஃப்ரெண்டு, இப்பவே எழுதினாத்தான் உண்டு.

பேங்க் அக்கவுண்டுல ரெண்டு பேரு கையெழுத்து. வரவு செலவை மாசா மாசம் டீக்கடை சுவத்துல ஒட்டுங்க, குரூப்புல பிடிஎஃப் போட்டா ஒருத்தனும் தொறக்க மாட்டான். காசு வாங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் காசே தேவைப்படாத வேலை பாருங்க: கிராம சபைக்குக் கூட்டமாப் போறது, வெள்ளம் வந்தா எந்த வாய்க்கா அடைக்குதுன்னு மேப்பு போட்டு மனு கொடுக்குறது, முதியோர் பென்ஷன் யார் யாருக்கு நின்னு போச்சுன்னு வீடு வீடா லிஸ்ட்டு எடுத்து தாலுகா ஆபீஸ்ல கேக்குறது. இதுல எத்தனை பேரு நிலைச்சு நிக்கிறாங்களோ அவங்களை வச்சுப் பதிவு பண்ணுங்க.

அப்புறம் அந்த 40 பேர்ல பொண்ணுங்க எத்தனை பேருன்னு நீங்க எழுதவே இல்லையே தம்பிகளா.